அமெரிக்காவில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற நினைப்பவர்களுக்கு: பாடம், ஆவணம், பணம், தேதி

பள்ளி முடித்தபோது கிடைக்காத பல்கலைக்கழகம், வேறெங்கோ ஒன்றிரண்டு வருடம் படித்த பிறகு கிடைக்கலாம். அமெரிக்காவில் இதற்கு டிரான்ஸ்ஃபர் என்று தனி வாசலே இருக்கிறது. தகவல்கள்தான் ஒரே இடத்தில் இல்லை. கவுன்சலர் ஒன்று சொல்வார், மாணவர் பதிவுகளை வைத்திருக்கும் ரிஜிஸ்திரார் அலுவலகம் வேறொன்று சொல்லும், போக நினைக்கும் பல்கலைக்கழகத்தின் தளம் மூன்றாவதாக ஒன்று சொல்லும். அலைந்து திரிந்து நான் சேர்த்ததை வேலை செய்ய வேண்டிய வரிசையில் எழுதுகிறேன். இளநிலைப் பட்டத்துக்கு மட்டும். மாஸ்டர்ஸ் படிப்பவர்களுக்கு இது பயன்படாது.

முதல் வருடச் சேர்க்கையில் போட்டிகள், மன்றங்கள், தன்னார்வப் பணி என்று பலதும் எடைபோடப்படும். டிரான்ஸ்ஃபரில் முன்னால் வந்து நிற்பது இரண்டு: கல்லூரியில் வாங்கிய மதிப்பெண், போகிற துறைக்குத் தேவையான பாடங்களை முடித்திருக்கிறீர்களா என்பது. இதில் இரண்டாவதைத்தான் பெரும்பாலானோர் தாமதமாகக் கவனிக்கிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையிலும் அதற்கே இடம் அதிகம்.

1. பெயரை விட்டுவிட்டுத் துறையைப் பாருங்கள்

"எனக்கு இந்தப் பல்கலைக்கழகம்தான் கனவு" என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, "அங்கே எந்தத் துறை?" ஒரே வளாகத்தில் வரலாற்றுத் துறை தாராளமாக ஆள் எடுக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ், நர்சிங், பிசினஸ் போன்றவை கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்கு எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். "எளிதான மேஜரில் (பட்டத்துக்கு எடுக்கும் முதன்மைப் பாடத்தில்) நுழைந்து பிறகு மாறிக்கொள்ளலாம்" என்ற யோசனை பெரும்பாலும் பலிக்காது. நெரிசல் மிகுந்த துறைகள் உள்ளே இருக்கும் மாணவர்களுக்கே கதவை மூடி வைத்திருக்கின்றன. சேர்ந்த பிறகு மேஜர் மாற அனுமதி உண்டா என்பதைத் துறையின் பக்கத்தில் முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

எண்ணிக்கைக்கு நம்பகமான இடம் ஒன்று உண்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் 'டி' பகுதி முழுக்க டிரான்ஸ்ஃபர் பற்றியது: எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, எந்த ஆவணங்கள் கட்டாயம், எத்தனை கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் எண், சில இடங்களில் யூனிட் என்பார்கள்) வரை ஏற்பார்கள், பட்டம் பெற அங்கே குறைந்தது எத்தனை கிரெடிட் படிக்க வேண்டும். கால் மணி நேர வேலைதான். கனவுப் பட்டியலில் பாதிப் பெயர்கள் அதிலேயே உதிர்ந்துவிடும்.

ஹார்வர்டு ஆண்டுக்குச் சராசரியாக ஒரு டஜன் பேரைத்தான் இந்த வழியில் சேர்க்கிறது. பிரின்ஸ்டன் கால் நூற்றாண்டுக்கு மேல் டிரான்ஸ்ஃபரையே நிறுத்தி வைத்திருந்து, 2018-இல்தான் மறுபடி எடுக்கத் தொடங்கியது. மறுபக்கம் யூ.சி. எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்பு, இரண்டு முதல் வருட மாணவருக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்ற விகிதத்தைக் குறிக்கோளாகவே வைத்திருக்கிறது. அங்கே சேரும் டிரான்ஸ்ஃபர் மாணவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த மாநிலத்துக் கம்யூனிட்டி கல்லூரிகளிலிருந்து (இரண்டாண்டுப் பொதுக் கல்லூரிகள்) வருபவர்கள். வேறு மாநிலத்தில் நான்காண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்துக்கொண்டு யூ.சி.யை மட்டும் குறிவைத்தால், வரிசையில் பின்னால் நிற்கிறீர்கள் என்று பொருள்.

பட்டியலில் ஐந்தாறு இடம் போதும். அதில் குறைந்தது இரண்டு இடம் கிடைப்பது கிட்டத்தட்ட உறுதி என்று சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.

2. ஒரு வருடத்திலா, இரண்டு வருடத்திலா?

ஒரு வருடம் முடித்து மாற நினைத்தால், விண்ணப்பிக்கும் நேரத்தில் உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு செமஸ்டர் மதிப்பெண். அதனால் பள்ளி மதிப்பெண்ணையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பள்ளியில் சுமாராகப் படித்தவர்கள் இரண்டு வருடம் இருந்து மாறுவதே நல்லது.

யூ.சி. பெரும்பாலும் மூன்றாம் ஆண்டுக்குத்தான் எடுக்கும். அதற்கு 60 செமஸ்டர் யூனிட், அல்லது குவார்ட்டர் என்ற குறும்பருவ முறையில் நடக்கும் கல்லூரியில் 90 குவார்ட்டர் யூனிட் முடித்திருக்க வேண்டும். ஹார்வர்டு போன்ற தனியார் இடங்களில் குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் இரண்டு வருடம் என்று மேல்வரம்பும் உண்டு. மூன்று வருடம் முடித்துவிட்டு "இப்போது மாறலாமா?" என்று கேட்டால், பல இடங்களில் பதில் முடியாது என்பதே.

3. பாடங்களைப் பின்னிருந்து முன்னாகத் திட்டமிடுங்கள்

போக வேண்டிய துறையின் தளத்தில் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கான முன்தேவைப் பாடப் பட்டியல் இருக்கும். எஞ்சினியரிங் என்றால் கால்குலஸ் தொடர், கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியல், லீனியர் அல்ஜீப்ரா, டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ், ஒரு ப்ரோக்ராமிங் பாடம் என்று நீளும். அந்தப் பட்டியலை எடுத்து, கடைசிப் பாடத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த செமஸ்டரில் எது என்று எழுதுங்கள். கால்குலஸ் ஒன்று முடியாமல் இரண்டு எடுக்க முடியாது, இரண்டு முடியாமல் மூன்றாவது முடியாது. முதல் செமஸ்டரில் கணிதத்தைத் தள்ளிப்போட்டால் கடைசியில் ஒரு பாடம் தொங்கும். அந்த ஒன்றுக்காகவே விண்ணப்பம் தள்ளுபடியாகும்.

உங்கள் கல்லூரியின் எந்தப் பாடம் அங்கே எதற்குச் சமம் என்பதை ஊகிக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் அசிஸ்ட் என்ற அரசுத் தளம் இருக்கிறது. கம்யூனிட்டி கல்லூரியையும் யூ.சி. வளாகத்தையும் மேஜரையும் தேர்ந்தெடுத்தால் பாடத்துக்குப் பாடம் ஒப்பிட்டுக் காட்டும். டெக்சஸிலும் ஃப்ளோரிடாவிலும் மாநிலம் முழுக்கப் பொதுவான பாட எண் முறை உண்டு. மற்ற மாநிலங்களுக்கு டிரான்ஸ்ஃபராலஜி என்ற தளத்தில் ஓரளவு தெரியும். இவை எதிலும் உங்கள் பாடம் இல்லையென்றால் துறைக்கு சிலபஸோடு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்தப் படியில் விழுகிற குழிகள் நிறைய:

தொடர் பாடங்களைப் பிரித்துப் படிப்பது. இயற்பியல் முதல் பகுதியை ஒரு கல்லூரியிலும் இரண்டாவதை வேறு கல்லூரியிலும் எடுத்தால் சில பல்கலைக்கழகங்கள் முழுத் தொடரையும் ஏற்க மறுக்கும். கோடையில் பக்கத்துக் கல்லூரியில் ஒன்றை முடித்துவிடலாம் என்று நினைக்கும்போது இதைப் பாருங்கள்.

பாஸ்/நோ பாஸ் முறையில், அதாவது எழுத்து மதிப்பெண் இல்லாமல் தேர்ச்சி மட்டும் பதிவாகும்படி எடுப்பது. ஜி.பி.ஏ.வை (4.0 அளவில் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) காப்பாற்ற இது நல்ல வழி போலத் தெரியும். முன்தேவைப் பாடங்களில் பெரும்பாலும் எழுத்து மதிப்பெண்தான் கேட்பார்கள்.

கிரெடிட் சேரச் சேர நல்லது என்று நினைப்பது. கீழ்நிலைப் பாடங்களுக்கு (முதல் இரண்டு வருடப் பாடங்கள்) யூ.சி. பட்டத்தில் 70 செமஸ்டர் யூனிட் வரைதான் எண்ணும். தனியார் பல்கலைக்கழகங்களில் பாதிப் பட்டமாவது தங்களிடமே படிக்க வேண்டும் என்பது வழக்கம். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள தனியார் பல்கலைக்கழகமான யு.எஸ்.சி. ஏற்பது அதிகபட்சம் 64 யூனிட். அதற்கு மேல் நீங்கள் கட்டிய பணமும் போன நேரமும் உங்களோடு.

இது சின்ன விஷயமில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் சுமார் 43 சதவீதத்தை இழந்திருக்கிறார்கள். அதனால் படித்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பி.டி.எஃப். ஆகச் சேமித்து வையுங்கள். செமஸ்டர் முடிந்ததும் வகுப்புத் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். பிறகு அந்தப் பேராசிரியரைத் தேடிப் பிடிப்பது பெரும் பாடு.

மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை. தளங்களில் போட்டிருக்கும் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. நுழைவுச்சீட்டு மட்டும்தான். யூ.சி.க்கு மாநிலவாசிகளுக்கு 2.4, மற்றவர்களுக்கு 2.8 என்று இருக்கிறது. அதை நம்பி பெர்க்லிக்கோ லாஸ் ஏஞ்சலஸுக்கோ போட முடியாது. யூ.சி.யின் தகவல் மையத்தில் மேஜர் வாரியாக, இடம் கிடைத்தவர்களின் ஜி.பி.ஏ. எந்த எல்லைக்குள் இருந்தது என்று வெளியிடுகிறார்கள். நம்ப வேண்டியது அந்த எண்ணை.

4. கலிஃபோர்னியாவில் இருந்தால் டாக்

மாநிலத்துக் கம்யூனிட்டி கல்லூரியில் படிப்பவர்களுக்கு டாக் என்ற உத்தரவாத ஏற்பாடு உண்டு. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் இதில் இருக்கின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ இல்லை. ஒரு வளாகத்துக்கு மட்டுமே போடலாம். விண்ணப்பக் காலம் செப்டம்பர் 1 முதல் 30 வரை. அதற்குள் 30 செமஸ்டர் யூனிட் முடித்திருக்க வேண்டும். கட்டணம் கிடையாது. சில மேஜர்களுக்கு இந்த உத்தரவாதம் பொருந்தாது என்பதை வளாகத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். டாக் போட்ட பிறகும் பொது விண்ணப்பத்தைத் தனியாக அனுப்ப வேண்டும். இதைத் தெரியாமல் விடுபவர்கள் உண்டு.

யூ.சி.யிலிருந்து வேறான இன்னொரு அரசுப் பல்கலைக்கழக அமைப்பான கலிஃபோர்னியா ஸ்டேட்டின் வளாகங்களுக்கு ஏ.டி.டி. என்ற தனி அசோசியேட் பட்டம் (இரண்டாண்டுப் பட்டம்) இருக்கிறது. அதை முடித்தால் அந்த அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி. எந்த வளாகம் என்பதற்கு உறுதி இல்லை.

5. ஆவணங்கள்

யூ.சி. விண்ணப்பத்தில் ஆவணம் எதுவும் முதலில் அனுப்ப வேண்டாம். மதிப்பெண்களை நீங்களே நிரப்புவீர்கள், சேர்க்கைக்குப் பிறகு கல்லூரி தரும் அசல் மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டோடு ஒப்பிடுவார்கள். ஒரு எழுத்து மாறினாலும் சேர்க்கை ரத்தாக வாய்ப்பு உண்டு. டிரான்ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள், ஞாபகத்திலிருந்து வேண்டாம்.

பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப் வழியாகப் போகும் பல்கலைக்கழகங்களுக்குப் பட்டியல் நீளம்:

அ. இதுவரை படித்த எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்ட். ஒரே ஒரு கோடைப் பாடம் படித்த இடமும் இதில் அடக்கம். மதிப்பெண் குறைந்த கல்லூரியை மறைத்தால் தெரியாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். கல்லூரிகளின் மாணவர் விவரங்களைச் சேர்த்து வைக்கும் நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் பதிவுகளில் தெரிந்துவிடும்.

ஆ. பள்ளி டிரான்ஸ்கிரிப்ட். இரண்டு வருடம் கல்லூரி முடித்தவர்களிடமும் கேட்பார்கள்.

இ. காலேஜ் ரிப்போர்ட். உங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை இல்லை, நல்ல நிலையில் படிக்கிறீர்கள் என்று கல்லூரி அதிகாரி ஒருவர் சான்று தரும் படிவம். யார் நிரப்புவார் என்பதே பல கல்லூரிகளில் யாருக்கும் தெரியாது. ரிஜிஸ்திரார், டீன், கவுன்சலர் என்று பந்து சுற்றிக்கொண்டே இருக்கும். ஜனவரியிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள்.

ஈ. மிட்டெர்ம் ரிப்போர்ட். நடப்பு செமஸ்டரில் ஒவ்வொரு பாடத்திலும் இன்றைய நிலை என்ன என்று பேராசிரியர்கள் எழுதித் தர வேண்டும். கடைசித் தேதி பெரும்பாலும் மார்ச்சில், ஸ்பிரிங் பிரேக்கும் அப்போதுதான். எனக்கு ஒரு பேராசிரியரின் கையெழுத்து கடைசி நேரம்வரை வரவில்லை, வகுப்பு முடிந்ததும் படிவத்தோடு அறை வாசலில் போய் நின்றுதான் வாங்கினேன். முதல் தேர்வு திருத்தி வந்த வாரத்திலேயே படிவத்தை நீட்டிவிடுங்கள்.

வேறு நாட்டில் ஒரு வருடமாவது கல்லூரி படித்திருந்தால் கூடுதல் வேலை இருக்கிறது. பல இடங்கள் வெஸ் அல்லது இ.சி.இ. போன்ற நிறுவனத்தின் பாடவாரி மதிப்பீட்டைக் கேட்கும். உங்கள் பழைய கல்லூரியோ பல்கலைக்கழகமோ மதிப்பெண் பட்டியலை நேராக அந்த நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். தாமதம் அங்கேதான் ஏற்படும், அதனால் இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். யூ.சி.க்கு இது வேண்டாம்: வெளிநாட்டு மதிப்பெண்ணைப் பட்டியலில் உள்ளபடியே எழுதச் சொல்கிறார்கள், 4.0 அளவுக்கு மாற்றக் கூடாது. அரியர் இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். ஆங்கிலத் தேர்வு கேட்டால், டோஃபல் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும் என்பதை நினைவில் வையுங்கள். கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரைப் பாடங்களை நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருந்தால் விலக்கு தரும் இடங்களும் உண்டு.

6. கட்டுரையும் பரிந்துரைக் கடிதமும்

"ஏன் மாறுகிறீர்கள்?" என்பதற்குப் பதில்தான் கட்டுரை. இப்போதைய கல்லூரியைத் திட்டாதீர்கள். உணவு சரியில்லை, ஊர் பிடிக்கவில்லை, பெயர் போதவில்லை போன்றவை படிப்பவருக்கு எந்த நம்பிக்கையும் தராது. இங்கே நான் இந்தப் பாடங்களை முடித்தேன், அதிலிருந்து இந்தக் கேள்வி பிறந்தது, அதைத் தொடர இங்கே மேல்நிலைப் பாடம் இல்லை, அங்கே இந்த ஆய்வகமும் இந்தப் பாடமும் இருக்கின்றன என்று எழுதினால் எடுபடும். ஒரு சோதனை: பல்கலைக்கழகத்தின் பெயரை அழித்து இன்னொரு பெயரைப் போட்டுப் பாருங்கள். கட்டுரை அப்போதும் பொருந்தினால் மறுபடி எழுத வேண்டும்.

யூ.சி.யில் நான்கு சிறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் பதில். அதில் ஒன்று எல்லோருக்கும் கட்டாயம்: மேஜருக்கு எப்படித் தயாராகியிருக்கிறீர்கள் என்பது. மூன்றாவது படியை ஒழுங்காகச் செய்திருந்தால் இதை எழுத ஒரு மாலைப்பொழுது போதும்.

பரிந்துரைக் கடிதம் யூ.சி.க்குத் தேவையில்லை. தனியார் பல்கலைக்கழகங்கள் ஒன்றிரண்டு கடிதம் கேட்கும். நூற்றுக்கணக்கானோர் உட்காரும் வகுப்பின் பேராசிரியருக்கு உங்கள் முகம் தெரிந்திருக்காது. சிறிய வகுப்பு ஒன்றில் எடுத்த எடுப்பிலிருந்தே ஆபீஸ் அவர்ஸுக்கு (மாணவர்களைச் சந்திக்கப் பேராசிரியர் ஒதுக்கும் நேரம்) போய்ப் பேசுங்கள்.

7. பணம்

விண்ணப்பக் கட்டணம் யூ.சி.யில் வளாகம் ஒன்றுக்கு 80 டாலர், சர்வதேச மாணவர்களுக்கு 95. கலிஃபோர்னியா ஸ்டேட்டில் வளாகத்துக்கு 70. தனியார் இடங்கள் பலவும் 50-க்கும் 100-க்கும் நடுவில். டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பும் கட்டணம் சின்னதுதான், ஆனால் கல்லூரி எண்ணிக்கையையும் பல்கலைக்கழக எண்ணிக்கையையும் பெருக்கிப் பாருங்கள். நிதி உதவிக்கு சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற குடும்ப நிதி விவரப் படிவம் கேட்டால் முதல் இடத்துக்கு 25 டாலர், அடுத்தடுத்து 16. குறைந்த வருமானக் குடும்பம் என்றால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விலக்கு கேட்கலாம், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பெரிய தொகை கல்விக் கட்டணத்தில் இருக்கிறது. யூ.சி.யில் மாநிலத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள், சர்வதேச மாணவர்கள் ஆகியோர் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 30,000 டாலருக்கும் அதிகமாகக் கட்ட வேண்டும். எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவர்கள் எத்தனை வருடம் அங்கே வாழ்ந்தாலும் மாநிலவாசி ஆக முடியாது. வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் பெற்றோரோடு இருப்பவர்கள் கலிஃபோர்னியாவில் மாநிலவாசிக் கட்டணம் கோரலாம், ஓராண்டுக்கு மேல் அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஆனால் 21 வயதில் எச்-4 முடிந்துவிடும். எஃப்-1-க்கு மாறும் நிலை வந்தால் கட்டணமும் மாறும். மாறுகிற வருடத்தில் உங்களுக்கு என்ன வயது என்று இப்போதே கணக்குப் போடுங்கள்.

சேர்க்கையோடு வரும் உதவித்தொகை முதல் வருட மாணவர்களுக்குக் கிடைக்கும் அளவுக்கு டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்குக் கிடைப்பதில்லை. இப்போதைய கல்லூரியில் பெரிய உதவித்தொகை இருந்தால், அதை விட்டுவிட்டுப் போவது இரண்டு முறை யோசிக்க வேண்டிய முடிவு.

8. தேதிகள் (அடுத்த ஆண்டு இலையுதிர் பருவத்துக்கு)

ஆகஸ்ட் 1: யூ.சி., காமன் ஆப் விண்ணப்பங்கள் திறக்கும்.
செப்டம்பர்: டாக்.
அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை: யூ.சி. விண்ணப்பம் அனுப்பும் காலம். கடைசி நாள் வார இறுதியில் விழுந்தால் ஓரிரு நாள் நீளும்.
ஜனவரி: யூ.சி.யின் டிரான்ஸ்ஃபர் அகாடமிக் அப்டேட். இலையுதிர் செமஸ்டர் மதிப்பெண்ணையும் வசந்தகாலப் பாடங்களையும் நிரப்ப வேண்டும். இதைச் செய்யாமல் விடுபவர்கள் பலர். மின்னஞ்சல் ஸ்பாமுக்குப் போகும், பார்த்துக்கொண்டே இருங்கள்.
பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை: தனியார் பல்கலைக்கழகங்களின் கடைசி நாட்கள்.
ஏப்ரல்: யூ.சி. முடிவுகள். தனியாரில் பலவும் மே மாதத்தில்.
ஜூன் 1: யூ.சி.யில் சேர விருப்பம் தெரிவிக்கும் கடைசி நாள்.

9. எஃப்-1 மாணவர்களுக்கு

இங்கே டிரான்ஸ்ஃபர் என்பது இரண்டு தடவை நடக்கும். ஒன்று படிப்பு, இன்னொன்று சீவிஸ் என்ற அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டில் உள்ள உங்கள் பதிவு. சேர்க்கைக் கடிதம் வந்ததும் பழைய கல்லூரியின் டி.எஸ்.ஓ.விடம் (வெளிநாட்டு மாணவர்களின் விசா விஷயங்களைக் கவனிக்கும் அதிகாரி) போய் விடுவிப்புத் தேதி கேளுங்கள். அந்தத் தேதி வந்தபின் உங்கள் பதிவு புதிய பல்கலைக்கழகத்தின் கைக்குப் போய்விடும், பழைய கல்லூரியால் எதுவும் செய்ய முடியாது. ஆகவே எந்த இடம் என்று முடிவாகும்வரை தேதி குறிக்காதீர்கள். விடுவித்த நாளிலிருந்து ஐந்து மாதத்துக்குள் புதிய இடத்தில் வகுப்பு தொடங்க வேண்டும். சேர்ந்ததும், ஐ-20-இல் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) உள்ள தொடக்கத் தேதியிலிருந்து 15 நாளுக்குள் அங்குள்ள டி.எஸ்.ஓ.விடம் பதிவு செய்ய வேண்டும்.

புதிய ஐ-20-க்கு வங்கிக் கணக்கு விவரமும் ஆதரவுக் கடிதமும் மறுபடி கேட்பார்கள். ஒரு வருடச் செலவு முழுவதையும் காட்ட வேண்டும், புதிய இடத்தின் செலவு அதிகமாக இருந்தால் தொகையும் கூடும். சீவிஸுக்கான ஐ-901 கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரையில் பழைய கல்லூரிப் பெயர் இருந்தாலும், காலாவதியாகாத வரை புதிய ஐ-20-ஐ வைத்துக்கொண்டு நாட்டுக்குள் நுழையலாம்.

இதெல்லாம் எளிதாக நடக்க ஒரு நிபந்தனை: மாறும்வரை ஒவ்வொரு செமஸ்டரிலும் 12 கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது. ஜி.பி.ஏ. விழும் என்று பயந்து ஒரு பாடத்தைக் கைவிடுமுன் டி.எஸ்.ஓ.விடம் கேட்டுவிடுங்கள். முழுநேரக் கணக்கில் ஆன்லைன் பாடம் ஒன்றுதான் சேரும்.

10. இடம் கிடைத்த பிறகு

முன்பணம் கட்டுவதற்கு முன் கிரெடிட் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். எத்தனை கிரெடிட் வந்தது என்பதைவிட, அவற்றில் எத்தனை மேஜருக்குக் கணக்காகின்றன, எத்தனை வெறும் விருப்பப் பாடமாக ஒதுங்குகின்றன என்பது முக்கியம். 60 கிரெடிட் வந்தும் பட்டத்துக்கு மூன்று வருடம் தேவைப்படுவது இதனால்தான். ஒரு பாடத்துக்கு உரிய மதிப்பு தரவில்லையென்றால் சேமித்து வைத்த சிலபஸோடு மறுபரிசீலனை கேட்கலாம். துறை ஆலோசகரிடம் நேராகப் பேசினால் சில நேரம் வேலை நடக்கும்.

சேர்க்கைக் கடிதத்தின் நிபந்தனைகளை வரிக்கு வரி படியுங்கள். வசந்தகால ஜி.பி.ஏ. இவ்வளவு வேண்டும், இந்தப் பாடங்களில் 'சி'க்குக் குறையக் கூடாது என்று இருக்கும். இடம் கிடைத்த மகிழ்ச்சியில் கடைசி செமஸ்டரைக் கோட்டைவிட்டவர்களின் சேர்க்கை ஜூலையில் ரத்தானது உண்டு. பாடத்தைக் கைவிட்டாலோ 'டி' வரும்போல் இருந்தாலோ அவர்களாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திராமல் நீங்களே எழுதித் தெரிவியுங்கள்.

கிடைக்காமல் போகவும் வாய்ப்பு உண்டு. ஆகவே இப்போதைய கல்லூரியில் அடுத்த பருவத்துக்குப் பெயர் பதிந்து வைத்திருங்கள், விடுதியையும் விட்டுவிடாதீர்கள். இடம் உறுதியான பிறகு கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாளுக்குள் ரத்து செய்துகொள்ளலாம். யூ.சி.க்குக் கடைசி டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1-க்குள் போய்ச் சேர வேண்டும். வசந்தகால மதிப்பெண் பதிவானதை டிரான்ஸ்கிரிப்டில் பார்த்த பிறகே அனுப்பும் பொத்தானை அழுத்துங்கள், பதிவாகாத டிரான்ஸ்கிரிப்ட் போனால் மறுபடி பணம் கட்டி அனுப்ப வேண்டியிருக்கும்.